காப்பிக்காக வந்த காகமும் கூண்டுக் குருவியும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் சில்லையோ ஸீப்ரா ஃபின்ச்சோ வளர்ப்பவர்களுக்குப் பாம்பையும் எலியையும் விட அன்றாடத் தொல்லை காகம்தான். அது கூண்டுக்குள் நுழைவதே இல்லை. கம்பி வலையின் மேல் வந்து உட்காரும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் குருவிகள் அரண்டுபோய் எதிர்ப்பக்கம் பாய்ந்து, வலையை நகத்தால் பற்றிக்கொண்டு தொங்கும். வலைக் கண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் விரலையோ சிறகையோ இரண்டாவது காகம் அலகால் கவ்வி இழுக்கும். கூண்டின் கதவு பூட்டியபடியே இருக்க, காலொடிந்த குருவி தரையில் கிடக்கும். இதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள்: இது இயற்கையின் வழக்கம், நாம் செய்ய ஒன்றுமில்லை என்பது ஒன்று, காகத்தைச் சுட்டு ஒழிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இந்த வட்டாரத்தில் காகத்துக்கு இருக்கும் நூற்றிருபது ஆண்டுக்கும் மேலான கதையைப் படித்தால் இரண்டுமே தவறு என்று தெரியும். காகத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். இத்தனை ஆண்டு சோறு போட்டு வளர்த்தவர்களும் மனிதர்களே. குருவியைக் காக்கும் வழியும் அந்த இரண்டு உண்மைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கதை இலங்கையில் தொடங்குகிறது. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தொழில் சரிந்தது. நட்டப்பட்ட துரைமார்களில் ஒரு பகுதியினர் புதிய நிலம் தேடி மலாயாவுக்கு வந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு வேலை வாங்கும் பழக்கமும் அவர்களோடு வந்தது. சிலாங்கூரின் தாழ்நிலத்துக்கு ஏற்றதாக லைபீரியக் காப்பி இருந்தது. 1890களில் கிள்ளான் வட்டாரத்தில் காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இதை ஒட்டிய காலத்தில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸும் உருவாகிக்கொண்டிருந்தது. 1881-இன் தீயும் வெள்ளமும் அத்தாப்பு வீடுகளை அழித்த பிறகு, கோலாலம்பூரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் முடிவெடுத்தார். அதற்கான சூளைகள் இங்கே எரிந்தன. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே பணிமனைகளும் குடியிருப்புகளும் வந்தன. தண்டவாளம் போட்ட தமிழர்களும் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்தாரும் குடியேறினார்கள். காப்பி, இரயில், தமிழ்க் குடியேற்றம் மூன்றும் சிலாங்கூரில் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. காகமும் அந்தக் காலத்துக்கே உரியது.

காப்பிச் செடிகளை ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் மொட்டையடிக்கத் தொடங்கின. வெறும் கையால் பொறுக்கி மாளாத பூச்சி. இலங்கையில் பழகிய துரைமார்களுக்கு அங்கே எங்கும் திரியும் காகம் நினைவுக்கு வந்தது. 1890களின் இறுதி ஆண்டுகளில் இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்களைக் கப்பலில் கொண்டுவந்து கிள்ளானில் பறக்கவிட்டார்கள். இது யாரோ ஒருவர் மறைவாகச் செய்த வேலையல்ல. கொழும்பு அருங்காட்சியகத்தின் ஆய்விதழான ஸ்போலியா ஸெய்லானிக்கா 1903-இல் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தொகுதியிலேயே மலாய்த் தீபகற்பத்தில் இலங்கைக் காகத்தைப் பழக்கப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை வந்தது. அருங்காட்சியக இயக்குநர் ஆர்தர் வில்லி, சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்து பின்னர் ரெசிடெண்ட் ஜெனரலான வில்லியம் டிரீச்சர், கேரித் தீவுக்குப் பெயர் தந்த தோட்டக்காரர் கேரி, காக்ரேன் என்னும் நால்வரின் பெயர் அதில் இருக்கிறது. அறிவியல், அரசு, முதலாளி மூன்றும் கைகோத்துச் செய்த காரியம் இது. விளைவு என்ன? பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். காகம் எதற்காக வந்ததோ அந்தப் பயிரே இல்லாமல் போயிற்று. காகம் போகவில்லை.

இங்கேதான் என் வாதத்துக்கு அடிப்படையான சான்று இருக்கிறது. வேலை போன பிறகு காகம் எதைத் தின்று வாழ்ந்தது? ரப்பர்க் காட்டுக்குள் அது போகவில்லை. வீட்டுக் காகம் மனிதர் வாழும் இடத்தை விட்டுத் தனியே வாழும் பறவையல்ல. முதல் சில பத்தாண்டுகள் அது கிள்ளானையும் துறைமுகத்தையும் ஒட்டியே கிடந்தது. சுற்றிலும் காடும் தோட்டமும் வேலி போல நின்றன. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஊரோடு ஊர் ஒட்டியது. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் என்று புதுநகரங்கள் எழுந்தன; ஒட்டுக்கடைகளும் சந்தைகளும் திறந்த குப்பைத் தொட்டிகளும் சங்கிலி போலத் தொடர்ந்தன. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காகம் தலைநகருக்கு வந்தது. அதன் பின்னே குயிலும் வந்தது. மலாய்த் தீபகற்பத்தில் முன்பு வலசைப் பறவையாகவே பெரிதும் அறியப்பட்டிருந்த குயில், காகக் கூடுகள் பெருகிய பிறகு அவற்றில் முட்டையிட்டு இங்கேயே இனம் பெருக்கத் தொடங்கியது. இன்று பிரிக்பீல்ட்ஸில் விடியற்காலையில் கேட்கும் குயில் குரலுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் தொடர்பு உண்டு. ஒரு பறவையை இறக்கியதால் ஓர் ஊரின் பறவை வாழ்வே மாறிவிட்டது. மரத்தில் கூடு கட்டும் சிறு பறவைகளின் முட்டையும் குஞ்சும் முதலில் காகத்துக்கு இரையாயின. கூண்டுக் குருவிக்கு நேர்வது அதன் தொடர்ச்சிதான்.

இதற்கு அரசு கண்ட மருந்து துப்பாக்கி. கிள்ளான் நகர மன்றமும் பிற மன்றங்களும் பல பத்தாண்டுகளாக உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களை வைத்துக் காகம் சுடும் நடவடிக்கைகளை நடத்திவருகின்றன. இத்தனை வேட்டைக்குப் பிறகும் வேட்டை தேவைப்படுகிறது என்பதே அதன் பலனைச் சொல்கிறது. உணவு குறையாத இடத்தில் சுட்டுக் குறைத்த எண்ணிக்கையை மிஞ்சிய காகங்கள் விரைவிலேயே ஈடுகட்டிவிடும். சிங்கப்பூரில் சுட்டுத்தானே குறைத்தார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் காகக் கூடுகள் உணவங்காடிகளையும் குப்பை மையங்களையும் ஒட்டி அமைவதை அந்நாட்டு ஆய்வுகள் காட்டின. மூடிய தொட்டியும் துப்புரவும் அந்த நகரில் துப்பாக்கிக்குத் துணை நின்றன. துப்பாக்கி மட்டும் வென்ற இடம் ஒன்று உண்டு. நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்துத் துறைமுகத்துக்கு 1994-இல் கப்பலில் வந்த காகங்கள் சில பத்துகளாகப் பெருகியபோதே அந்நாடு விழித்துக்கொண்டு அகற்றியது. ஸான்ஸிபாரிலோ 1890களில் குப்பை தின்னட்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சி காகத்தைக் கொண்டுவந்தது. அது கிழக்காப்பிரிக்கக் கரையெங்கும் பரவியது. 2024-இல் கென்ய வனவிலங்குத் துறை பத்து லட்சம் காகங்களைக் கொல்லப்போவதாக அறிவிக்கும் நிலை வந்தது. நாம் ஹாலந்தின் கட்டத்தை எப்போதோ கடந்துவிட்டோம். ஒழிப்போம் என்று இன்று சொல்வது மக்களுக்குத் தரும் பொய் வாக்குறுதி.

இன்னொரு மறுப்பு வரலாற்றைப் பற்றியது. துரைமார்கள் கொண்டுவராவிட்டாலும் காகம் எப்படியும் வந்திருக்கும் என்பார்கள். 1901-இல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. கொழும்பிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல்கள் வந்துபோன இடம் அது. உலகின் எத்தனையோ துறைமுகங்களுக்குக் காகம் தானே கப்பலேறி வந்திருக்கிறது. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது; நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை உடைக்கவில்லை. கப்பலில் வரும் காகம் எங்கே நிலைக்கிறது? இறைச்சிக் கழிவும் சோற்று மிச்சமும் கொட்டிக்கிடக்கும் கரையில். யார் கொண்டுவந்தார் என்பது பழைய கணக்கு. யார் ஊட்டுகிறார் என்பது இன்றைய கணக்கு. முதல் கணக்கில் நமக்குப் பொறுப்பில்லை. இரண்டாவது முழுக்க நம்முடையது.

நம்மவரிடையே இன்னும் ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. காக்கைக்குச் சோறு வைக்காமல் அமாவாசையும் திதியும் நிறைவதில்லை. முன்னோர் காக்கை வடிவில் வருகிறார்கள் என்பது நம் நம்பிக்கை. சனீசுவரனின் வாகனமும் அதுவே. காகத்தைப் பட்டினி போடச் சொல்வது இந்த மண்ணில் நூறாண்டு காத்த வழக்கத்தை விடச் சொல்வதாகாதா? ஆகாது. வாழையிலையில் வைக்கும் ஒரு பிடி சோற்றைக் காகம் கண்முன்னே தின்று முடித்துவிடும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான காகங்களைத் தாங்குவது அந்தப் பிடிச் சோறல்ல. உணவகத்தின் பின்சந்தில் கட்டாமல் வைத்த கறுப்புப் பை, சந்தை முடிந்ததும் சாக்கடையோரம் தள்ளிய மீன் கழிவு, மூடி உடைந்த தொட்டி, இவைதான் காகத்தை வாழவைக்கின்றன. முன்னோருக்கு வைக்கும் சோறு மரியாதையோடு வைப்பது; தெருவில் எறியும் எச்சில் மரியாதையற்றது. முதலாவதைக் காத்து இரண்டாவதை நிறுத்த எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை.

குருவியைக் கூண்டில் அடைப்பதே பெரிய கொடுமை, பிறகு காகத்தைக் குறை சொல்ல என்ன தகுதி என்பதும் நேர்மையான கேள்வி. காட்டுப் பறவையைப் பிடித்து விற்பதைப் பொறுத்தவரை அந்தக் கண்டனம் முற்றிலும் சரி. பாட்டுக்காகப் பிடித்துப் பிடித்தே பாராவ் என்ற காட்டுக் கொண்டைக்குருவி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஆனால் ஸீப்ரா ஃபின்ச் போன்றவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறப்பவை. வெளியே விட்டால் அன்றைக்கே இரையாகும். அவற்றை வளர்ப்பவருக்கு உரிமையைவிடக் கடமை பெரிது. அந்தக் கடமை கூண்டைக் கட்டும் முறையில் தெரிய வேண்டும். ஒற்றை வலை போதாது. உள்வலை அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணோடும், அதிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி வெளிவலை இன்னொன்றும் வேண்டும். அந்த இடைவெளிதான் குருவியின் உயிர். உள்வலையைப் பற்றித் தொங்கும் குருவியைக் காக அலகு எட்டாது. காகத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு, கூண்டுக் குருவியின் தலையையே வலைவழி இழுக்கும் கீச்சானையும், சட்டென்று பாயும் வல்லூறையும் தடுக்கும். மேலே தகரமோ ஓடோ வேண்டும். இரண்டு பக்கமாவது பலகையால் மறைக்க வேண்டும். அரண்ட குருவி ஓடி ஒளிய ஓர் இருட்டு மூலை இல்லாவிட்டால், காகம் தொடாமலே அது வலையில் மோதிச் சாகும். சிந்திய தினையை அந்தந்த நாளே கூட்டி எடுக்க வேண்டும். தினை எலியையும் சிட்டையும் அழைக்கும். அவை வல்லூறை அழைக்கும்.

1903-இல் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் காகம் பூச்சி தின்னும் என்று கணக்குப் போட்டார்கள். பூச்சி தீர்ந்த பிறகு என்ன தின்னும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இன்று துப்பாக்கியை மட்டும் நம்பும் மன்றங்கள் அதே கேள்வியை மறுபடியும் விட்டுவிடுகின்றன. பிரிக்பீல்ட்ஸ் போன்ற உணவுத் தெருவில் காகம் சுடச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை மூடியுள்ள தொட்டிக்கும், இரவிலேயே குப்பை அள்ளும் ஏற்பாட்டுக்கும் திருப்பினால், பலன் மெதுவாக வந்தாலும் நிற்கும். குருவி வளர்ப்பவர் இரட்டை வலை போடட்டும். உணவகக்காரர் பையை இறுகக் கட்டட்டும். மன்றம் தொட்டிக்கு மூடி போடட்டும். இந்த மூன்றில் எதுவும் காகத்தின் மேல் கோபம் கொண்டு செய்வதல்ல. நூறாண்டுக்கு முன் சிலர் யோசிக்காமல் செய்ததற்கு நாம் யோசித்துச் செய்யும் பரிகாரம் இது. கூண்டுக் குருவிக்கு மட்டுமன்றி, முட்டையையும் குஞ்சையும் பறிகொடுக்கும் மரத்துக் குருவிக்கும் இதுவே காவல்.