மென்பொருள் மேம்படுத்தலும் தரவு இழப்பும்

கணினியில் உள்ள மென்பொருளின் பழைய பதிப்பை நீக்கிப் புதிய பதிப்பை நிறுவுவது மேம்படுத்தல் எனப்படும். நிரல் மாறலாம், பயனரின் கோப்புகள் மாறக்கூடாது என்பது இதன் அடிப்படை. பெருநிறுவனங்களே இதில் தவறியதுண்டு.

2001 நவம்பரில் ஆப்பிள் ஐடியூன்ஸ் 2.0 பதிப்பை வெளியிட்டது. மாக் ஓஎஸ் எக்ஸ் கணினிகளுக்கான அதன் நிறுவியில், பழைய ஐடியூன்ஸை அழிக்கும் கட்டளை ஒன்று இருந்தது. அக்கட்டளையில் வன்தட்டின் பெயர் மேற்கோள் குறிகளுக்குள் இடப்படவில்லை. பெயரில் இடைவெளி இருந்தால் கணினி அதை இரு துண்டாகப் படித்தது. முதல் துண்டு சுட்டிய இடத்தில் இருந்தவை எல்லாம் அழிந்தன. இரண்டு மேற்கோள் குறிகள் விடுபட்டதால் வந்த வினை. நிறுவி உடனே திரும்பப் பெறப்பட்டு 2.0.1 வெளியானது.

2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்பெட்டிகள் வெறுமையாகத் தோன்றின. சேமிப்பக மென்பொருளுக்கான மேம்படுத்தலில் இருந்த வழுவே காரணம். கூகுள் மின்னஞ்சல்களைப் பல தரவு மையங்களில் பல படிகளாக வைத்திருந்தும், வழு பல படிகளையும் பாதித்தது. இணைப்பில் இல்லாத காந்த நாடாக்களை அது எட்டவில்லை. அவற்றிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன.

விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 1809 பதிப்பு, 2018 அக்டோபர் 2 அன்று வெளியானது. ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளைச் சிலர் இடம் போதாமல் வேறு வன்தட்டுக்கு மாற்றி வைத்திருந்தனர். முந்தைய பதிப்பில் இத்தகையோர் சிலருக்கு, பழைய இடத்தில் வெற்றுக் கோப்புறை ஒன்று தேவையின்றித் தோன்றியது. அதை அகற்றவே புதிய பதிப்பில் நிரல் சேர்க்கப்பட்டது. ஆனால் கோப்புறையை மாற்றியபோது பழைய கோப்புகளை நகர்த்தாமல் அங்கேயே விட்டவர்களும் இருந்தனர். அவர்களின் பழைய கோப்புறை கோப்புகளுடன் சேர்ந்தே நீக்கப்பட்டது. குப்பையைப் பெருக்கச் சொன்னால் வீட்டையே துடைத்தது போலாயிற்று.

சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் வெளியீட்டை நிறுத்தியது. பாதிக்கப்பட்டோர் கணினியை இயன்றவரை பயன்படுத்தாமல் இருக்கும்படியும் கேட்டுக்கொண்டது. நீக்கப்பட்ட கோப்பின் இடத்தில் புதிய தரவு எழுதப்படாதவரை மீட்க வாய்ப்புண்டு என்பதே அதன் காரணம். திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13 அன்று வந்தது.

முன்னோட்டச் சோதனையில் பங்கேற்ற சிலர் கோப்புகள் காணாமல் போனதை முன்பே தெரிவித்திருந்தனர். புகார்கள் ஆதரவு வாக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு கவனிக்கப்பட்டதால், குறைந்த வாக்கு பெற்ற இவை அடியில் தங்கிவிட்டன. இதன்பின், பாதிப்பின் கடுமையையும் குறிப்பிடும் வசதி கருத்து தெரிவிக்கும் செயலியில் சேர்க்கப்பட்டது.