ரேடியோ ரிப்பேர் கடையில் பிறந்த வாத்தியம்

எலெக்ட்ரிக் கிட்டார்னு சொன்னதும் நம்ம சனங்களுக்கு ஞாபகம் வர்றது மேடைப் புகை, கிழிஞ்ச ஜீன்ஸ், தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிற ஒரு ஆசாமி. கூடவே, "அது வெள்ளைக்காரன் சமாச்சாரம், காசு இருந்தா வாங்கலாம், இல்லேன்னா இல்லை" என்ற நினைப்பும் உண்டு. ஆனா இந்த வாத்தியத்தோட ஜாதகத்தைப் புரட்டினா முதல் பக்கத்தில் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு அரம், ஒரு சோல்டரிங் அயர்ன், கழட்டிப் போட்ட ரேடியோ. அவ்வளவுதான். நம்ம பக்கம் அது காலூன்றினதும் அதே வழியில்தான்: வாங்கினதால இல்லை, திறந்து மாத்தினதால.

பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல வெளியூர்க் கதை

1920களில் அமெரிக்க நடனக் குழுக்களில் ட்ரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் முழங்கும்போது நடுவில் கிட்டார் வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம். கை வலிக்க மீட்டினாலும் சத்தம் மூணாவது வரிசையைத் தாண்டாது. ஜார்ஜ் போஷாம்ப் என்ற கிட்டார்காரருக்கு இது பெரிய மனக்குறை. கம்பியின் அசைவையே நேரடியா மின்சாரமாக்கினா என்னன்னு யோசித்தார். குதிரை லாட வடிவில் ரெண்டு காந்தம், நடுவில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறும், சுருளில் சின்னதா ஒரு மின்னழுத்தம் பிறக்கும். பள்ளிக்கூடத்தில் படிச்ச ஃபாரடே விதிதான், வேற மாயம் இல்லை. 1931இல் ஹாரி வாட்சன் என்ற தொழிலாளி அரத்தால் ராவி மரத்தில் முதல் மாதிரியைச் செய்தார். வட்ட உடம்பு, நீளக் கழுத்து. பார்க்கத் தோசைக்கல் மாதிரி இருந்ததால "வாணலி" என்றே பேர் வைத்துவிட்டார்கள். 1934இல் போட்ட காப்புரிமை மனு 1937இல்தான் கைக்கு வந்தது.

அடுத்து லியோ ஃபெண்டர். கணக்கு எழுதுகிற வேலை போனபிறகு, 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். கிட்டார் வாசிக்கவே தெரியாது! ஆனா வாசிக்கிறவர்கள் உடைஞ்ச ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கிட்டு வருவார்கள். எது எது அடிக்கடி கெட்டுப்போகுதுன்னு அவருக்கு அத்துப்படி. அதனால 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்தை ஒட்டவே இல்லை, நாலு திருகாணியில் மாட்டினார். கெட்டுப்போனா கழட்டு, வேற மாட்டு. பாட்டுக்காரர் மூளை இல்லைங்க அது, மெக்கானிக் மூளை.

லண்டனில் ஜிம் மார்ஷல், ட்ரம் விற்கிற கடைக்காரர். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் அங்கே யானை விலை. 1962இல் அவரும் கடைப்பையன்களும் ஃபெண்டரின் பேஸ்மேன் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு உள்ளூரில் கிடைத்த வால்வு, உள்ளூர் ஸ்பீக்கர் போட்டு ஒண்ணு கட்டினார்கள். பாகம் வேற, அதனால சத்தமும் வேற. உலகமே "ராக் சத்தம்" என்று சொல்வது அந்த மாற்றுப் பாகங்களின் சத்தத்தைத்தான்.

எல்லாத்துக்கும் சிகரம் வைத்தாற்போல ப்ரையன் மே. 1963இல் அப்பாவும் பையனுமா உட்கார்ந்து, பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தைக் கழுத்தாக்கி, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கையும் பின்னல் ஊசி முனையையும் சேர்த்து, சட்டைப் பித்தானைப் பொட்டாகப் பதித்து ஒரு கிட்டார் செய்தார்கள். க்வீன் குழுவின் பாட்டுகளில் ஒலிப்பது அதுதான். அதே குழுவின் ஜான் டீக்கன் குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற குட்டி ஆம்ப்ளிஃபயர் ஆக்கினார். வயலின், க்ளாரினெட் மாதிரியெல்லாம் ப்ரையன் மே எழுப்பும் அடுக்குச் சத்தங்கள் பல அந்தக் குட்டிப் பெட்டியிலிருந்து வந்தவை.

நம்ம கதவு மூடியிருந்த காலம்

இங்கே என்ன நடந்தது? 1950களின் பிற்பாதியில் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இறக்குமதிக்குக் கதவு இறுகியது. வெளிநாட்டுக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் கப்பலில் வேலை பார்க்கிற உறவுக்காரர் கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படியும் லக்னோவைச் சேர்ந்த வான் ஷிப்லி தனக்கென எட்டுத் தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரை வடிவமைத்துக்கொண்டு, சினிமாப் பாட்டுகளை அதில் வாசித்து இசைத்தட்டு போட்டார்.

கதவு மூடினதில் ஒரு நன்மையும் உண்டு. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வும், 1962இல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் செய்ய ஆரம்பித்தது. பாகம் கிடைத்தால் போதுமே, நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? சென்னையில் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்று பாகங்களுக்கே தெருக்கள் உருவாயின. வாசலில் குழாய் ஸ்பீக்கரும் உள்ளே பிரிச்சுப் போட்ட மர்ஃபி ரேடியோவுமா ஊருக்கு ஒரு "மைக் செட்" கடை. அந்தக் கடைக்காரர்தான் நம்ம ஊர் லியோ ஃபெண்டர். கல்யாணத்துக்கு மெல்லிசைக் குழு வந்தா கிட்டாரைக் கொண்டுபோய்ச் செருகுவது அவர் பெட்டியில்தான். பின்னாடி ஐ.சி. காலம் வந்தது. டி.பி.ஏ. 810, அப்புறம் கார் ஸ்டீரியோவுக்குன்னு சான்யோ செய்த எல்.ஏ. 4440. ஒரு சானலுக்கு 6 வாட், ரெண்டையும் சேர்த்துக் கட்டினா 19 வாட். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். தமிழ்நாட்டில் சோல்டரிங் பழகியவர்களில் பாதிப்பேர் கையைச் சுட்டுக்கொண்டது இதில்தான் :-)

கமகம் என்கிற பரீட்சை

ஆனா சத்தம் பெரிசாகிறது மட்டும் நம்ம பிரச்சினை இல்லை. இங்கே ஒரு வாத்தியம் உள்ளே வரணும்னா கமகம் என்ற பரீட்சையில் பாஸாகணும். ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சு அசைச்சு, வளைச்சு, அடுத்ததுக்கு வழுக்கிக்கிட்டுப் போகணும். வயலின் பாஸானது, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) அதை ஐரோப்பியரிடம் கற்றார், நம்ம ஆளுங்க ஸ்ருதி கூட்டும் முறையையும் பிடிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். ஹார்மோனியம் ஃபெயில். ரீட்டை வளைக்க முடியாது, ஸ்வரம் கட்டையாத்தான் நிற்கும். அகில இந்திய வானொலி 1940இல் அதை வெளியே நிறுத்தி, 1971 வரைக்கும் உள்ளே விடவில்லை.

மாண்டலினும் ஃபெயில் ஆகவேண்டிய ஜாதிதான். நாலு ஜோடித் தந்தி. ஜோடியை ஒண்ணா இழுத்தா ரெண்டும் ஒரே அளவுக்கு உயராது, சுருதி பிசகும். அதைவிடப் பெரிய குறை, மீட்டின நாதம் உடனே செத்துப்போகும். கமகத்தை முடிக்கறதுக்குள்ள சத்தமே இருக்காது.

ஏன் சாகுது? பொள்ளல் உடம்பு உள்ள வாத்தியத்தில் தந்தியின் சக்தியை மேல்பலகை வாங்கிக் காற்றை அசைக்குது. கேட்கிற சத்தமே தந்தியிடமிருந்து கறந்த சக்திதான். சீக்கிரம் கறந்தா சீக்கிரம் வறண்டுபோகும். கெட்டி மரத்தில் தந்தியைக் கட்டினா மரம் அவ்வளவா அசையாது, சக்தி தந்தியிலேயே தங்கும், அதிர்வு நீளும். காதுக்குக் கேட்காதே? அதுக்குத்தான் காந்தச் சுருளும் ஆம்ப்ளிஃபயரும். அதாவது மின்சாரம் இங்கே செய்தது சத்தம் கூட்டுற வேலை மட்டும் இல்லை. நேரம் வாங்கிக் கொடுத்தது. கமகம் பிடிக்கத் தேவையான நேரம்.

பாலகொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் கையில் நடந்தது இதுதான். எலெக்ட்ரிக் மாண்டலின், ஜோடிக்குப் பதில் ஒற்றைத் தந்தி, நாலுக்குப் பதில் அஞ்சு. 1978இல் குடிவாடாவில் அரங்கேற்றம். 1981இல் சென்னையில் வாசித்தபோது பையனுக்கு 12 வயசு. 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. 2014இல் அவர் மறையும்போது மாண்டலின் கர்நாடக சங்கீத வாத்தியமா என்று கேட்க ஆள் இல்லை. பரீட்சையில் பாஸானது அந்தக் கையும், மாற்றியமைத்த அந்தக் கட்டையும் சேர்ந்துதான்.

கிட்டாருக்கு வருவோம். 1980களில் சென்னையில் சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்த முன்னோடிகளில் ஒருவர். அடுத்த பேர் நம்ம தோல் பெல்ட்டுக்காரர்: ராணிப்பேட்டையில் வளர்ந்த கிட்டார் பிரசன்னா. ஐ.ஐ.டி. சென்னையில் கப்பல் கட்டும் பொறியியல், பிறகு பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி. 2006இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையா 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்ற ஆல்பம் போட்டார். ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கும் இசை அவர்தான். டேனரி வாடை அடிக்கிற ஊர்ல எலெக்ட்ரிக் கிட்டாரா என்று கேட்கிறவர்களுக்கு இது ஒண்ணே போதும்.

எதிர்ப்பக்கமும் ஒரு வேடிக்கை. 1970களில் சக்தி குழுவுக்காக ஜான் மெக்லாஃப்லின் செய்துகொண்ட கிட்டாரில் மெட்டுக்கு மெட்டு நடுவே பலகையைக் குடைந்து பள்ளமாக்கினார்கள். தந்தியை நல்லா இழுக்கணுமாம். நம்ம தஞ்சாவூர் வீணையைப் பாருங்க: மெழுகில் நிறுத்திய 24 மெட்டு, நடுவில் வெறும் பள்ளம். அவர்கள் குடைந்து கண்டுபிடிச்சது இங்கே ஏற்கெனவே இருந்தது.

இன்னைக்கு நாட்றம்பள்ளியில் ஒருத்தர் செய்யணும்னா

சாமானுக்குப் பஞ்சமே இல்லை. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினா ஒரு பக்கம் எஸ்.பி. ரோடு, இன்னொரு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட். பெட்டிக்கு மேல ஒட்ட ரெக்ஸின், தோளில் மாட்டத் தோல் பட்டை ரெண்டும் ஆம்பூர், வாணியம்பாடியில். வயலின் செய்கிறவர்கள் இன்னமும் விடாத வச்சிரப் பசையே தோல் கழிவைக் காய்ச்சி எடுக்கிறதுதானே. பிக்-அப் சுருளுக்கு சுமார் 0.06 மி.மீ. எனாமல் செப்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. தலைமுடியை விட மெல்லிசு, மூச்சு விட்டாலே அறுந்துடும். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கொஞ்ச நாள் நின்னு பார்த்தா கை பழகும்.

கட்டி முடிச்சு 4440 போர்டில் செருகினா பெரும்பாலும் சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி மந்தமா இருக்கும். பிக்-அப்பைக் குறை சொல்லி அதை மாத்துவாங்க. கோளாறு அங்கே இல்லை. அந்தச் சுருளுக்கு 10 லட்சம் ஓம் அளவுக்கு உள்ளீட்டுத் தடை வேணும். டேப் ரெக்கார்டருக்குச் செய்த போர்டு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது, மேல்ஸ்தாயி எல்லாம் அங்கேயே கரைஞ்சுபோகும். நடுவில் ஒரே ஒரு எஃப்.இ.டி. போட்டா போதும். காலேஜ் லேபில் வளைகோடு வரைஞ்சு மார்க் வாங்கிட்டு மறந்துபோன பி.எஃப்.டபிள்யூ. 10 ஞாபகம் இருக்கா? அதேதான் :-)

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது: எர்த். கிட்டார் தந்தி எல்லாம் ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோட சேர்ந்தது. மைக் வேற பெட்டியில் இருந்து, அதுக்கு எர்த் இல்லேன்னா, ஒரு கை தந்தியிலும் இன்னொரு கை மைக்கிலும் இருக்கிற ஆள்தான் ஃப்யூஸ். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர் மேடையிலேயே இறந்தது எர்த் இல்லாத மைக்கைத் தொட்டுத்தான். திருவிழாவில் ஜெனரேட்டரில் ஓடுகிற மேடையில் "லேசா ஷாக் அடிக்குதுண்ணே" என்று யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போகாதீங்க. வால்வு செட்டுன்னா இன்னும் மோசம், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும்.

யார் பேர் நிக்குது?

1991க்குப் பிறகு கதவு திறந்தது, 2001 ஏப்ரலில் மிச்ச இறக்குமதிக் கட்டுப்பாடும் போச்சு. கிட்டார் இப்போ வீட்டு வாசலுக்கே பார்சலில் வருது. நல்லதுதான், குறை சொல்லலை. ஆனா கூடவே வர்ற ஆம்ப்ளிஃபயரைத் திறந்தா கடுகு மாதிரி பாகங்கள், கெட்டா போர்டோட தூக்கிப் போடணும். மைக் செட் கடைகளில் பாதி செல்ஃபோன் கடையாயிடுச்சு.

அமெரிக்காக்காரன் அரம் பிடிச்ச ஹாரி வாட்சன் பேரைக்கூட எழுதி வெச்சிருக்கான். நம்ம கச்சேரி அழைப்பிதழில் வயலின், மிருதங்கம், கடம் வரைக்கும் பேர் போடுவோம். வாத்தியத்தைப் பிரிச்சு ஒட்டிக்கொடுத்தவர், ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொடுத்தவர் பேருக்கு அதில் இடம் கிடையாது. கமகத்துக்கு நேரம் வாங்கிக் கொடுத்த கைகள் அவை. அவர்கள் கணக்கு நோட்டில் "கிட்டார் ரிப்பேர், இவ்வளவு ரூபாய்" என்ற ஒரு வரியோட நம்ம இசை வரலாறு நின்னுடக் கூடாது.

உங்க ஊர்ல அப்படி ஒரு கடை இருந்திருக்கும். கடைக்காரர் இருந்தா ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் கட்டின முதல் செட்டு என்ன, என்ன வால்வு போட்டார், யாருக்குக் கட்டினார்னு கேளுங்க. சம்மதிச்சா அதை ஒரு பதிவா எழுதுங்க. நான் வந்து படிக்கிறேன்.

டிஸ்கி: எல்.ஏ. 4440க்கு ஹீட் சிங்க் போடாம ஓட்டிப் பார்த்துட்டு புகை வருதுன்னு பின்னூட்டத்தில் திட்டினா நிர்வாகம் பொறுப்பல்ல!