கருக்குழாய் கர்ப்பம்: அறுவை சிகிச்சைக்குப் பின் உடலும் மனமும் தேறும் காலம்

மும்பை: கருவுற்ற முட்டை கருப்பையை வந்தடையாமல் வேறிடத்தில் ஒட்டி வளரும் நிலை, இடம் மாறிய கர்ப்பம் எனப்படுகிறது. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு அமைகின்றன. அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை கருக்குழாயில் நிகழ்வதால், மக்கள் வழக்கில் இது ‘டியூப் கர்ப்பம்’ என்றே அறியப்படுகிறது. கருக்குழாயால் கருவின் வளர்ச்சிக்கு ஏற்ப விரிந்து கொடுக்க இயலாது. அது வெடித்தால் வயிற்றுக்குள் குருதி பெருகி, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரும். இக்கருவைக் கருப்பைக்கு மாற்றிக் காப்பாற்றும் வழி மருத்துவத்தில் இன்றுவரை இல்லை.

1883ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர், வெடித்த கருக்குழாயை அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அதற்கு முன்னர் இந்நிலை பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. இன்று தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மெத்தோட்ரெக்சேட் மருந்தே சிலருக்குப் போதுமானது. மற்றவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி மூலமோ, வயிற்றைத் திறந்தோ அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மும்பையில் தாராவி, மாட்டுங்கா பகுதித் தமிழர்களுக்கு அருகிலுள்ள பெரிய பொது மருத்துவமனை, ‘சயான் மருத்துவமனை’ என்று அழைக்கப்படும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனையாகும்.

லேப்ராஸ்கோப்பிக்குப் பின் பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். இரண்டு முதல் நான்கு வாரங்களில் வழக்கமான பணிகளுக்கு மீள்கின்றனர். வயிறு திறக்கப்பட்டிருந்தால் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். முதல் சில நாள்களில் தோள்பட்டையில் வலி தோன்றுவதுண்டு. வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதே அதற்குக் காரணம். அது தானே தணியும். உதிரப்போக்கு ஓரிரு வாரம் நீடிக்கலாம். அடுத்த மாதவிலக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் வரும்.

‘ஓய்வு எடுங்கள்’ என்ற அறிவுரை தாராவியின் வீடுகளில் எளிதில் நிறைவேறுவதன்று. ஒன்றின்மேல் ஒன்றாக எழுப்பிய அறைகளுக்குச் செங்குத்தான இரும்பு ஏணிகளே படிகள். கழிப்பறை பலருக்குத் தெருமுனையில் உள்ள பொதுக் கழிப்பறையே. காலையில் குறுகிய நேரமே வரும் குழாய் நீரைப் பிடித்து வைக்கும் பொறுப்பும் பெரும்பாலும் பெண்களுடையது. 15 லிட்டர் நீர் நிறைந்த குடம் 15 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆறாத தையலுக்கு அச்சுமை ஆகாது. எனவே மருத்துவர் கூறும் விதிகளைக் கணவரும் மாமியாரும் உடனிருந்து கேட்பது நல்லது. நீர் சுமப்பதை அவர்களில் ஒருவர் ஏற்காவிடில் அறிவுரை காகிதத்திலேயே தங்கிவிடும். சொந்த ஊரில் தாய்வீடு சென்று தேற விரும்புவோர், திருநெல்வேலிக்கு ஒரு நாளுக்கும் மேல் நீளும் ரயில் பயணத்தை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். அசையாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தால் காலில் குருதி உறையும் வாய்ப்பு கூடும்.

குருதியிழப்பால் வரும் சோகையே தேறுதலை அதிகம் தாமதப்படுத்துகிறது. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவையே. ஆயினும் இழந்த இரும்பை ஈடுசெய்ய அவை மட்டும் போதா. மருத்துவர் தரும் மாத்திரையை முழுக் காலமும் உட்கொள்ள வேண்டும். தேநீருடன் சேர்த்து உட்கொண்டால் பயன் குறையும். பிள்ளை பெற்றவருக்குரிய பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் விலக்குவது தவறு. ஆர்.எச். நெகட்டிவ் வகைக் குருதி உடையவர்கள் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும்.

குழாயை அகற்றாமல் கருவை மட்டும் நீக்கியிருந்தால், கர்ப்பத் திசுவின் எச்சம் உள்ளே வளரக்கூடும். எச்.சி.ஜி. அளவு முற்றிலும் இறங்கும் வரை வாரந்தோறும் குருதிப் பரிசோதனை செய்வது இதற்காகவே. வலி நின்றதும் இப்பரிசோதனையைக் கைவிடுவது ஆபத்தானது. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மயக்கம், மணிக்கு ஒரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உடல் தேறிய பின்னரே மனத்தின் துயர் பலருக்கு வெளிப்படுகிறது. உயிர் பிழைத்த நிம்மதியும் குழந்தையை இழந்த துக்கமும் ஒரே நேரத்தில் வருகின்றன. சுற்றத்தார் முதலாவதை மட்டுமே காண்கின்றனர். லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருச்சிதைவோ இடம் மாறிய கர்ப்பமோ நேர்ந்த பெண்களுள் 29 விழுக்காட்டினரிடம் ஒரு மாதத்துக்குப் பின் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. ஒன்பது மாதங்களுக்குப் பின்னும் 18 விழுக்காட்டினரிடம் அவை நீடித்தன. கெட்ட கனவு, தூக்கமின்மை, மருத்துவமனைப் பக்கம் செல்லவே அச்சம் ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவி தேவை. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேச இயலும். செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ‘ஐகால்’ என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையை நடத்துகிறது.

பணிக்குச் செல்வோரின் விடுப்பில் ஒரு சிக்கல் உண்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வார ஊதிய விடுப்பு வழங்கியது. ஆனால் கருச்சிதைவு என்பதற்கு, கருப்பையில் உள்ளவை வெளியேறுவது என்றே அது பொருள் கூறியது. கர்ப்பத்தால் விளையும் நோய்க்கு ஒரு மாத விடுப்பு தரும் பிரிவும் அதில் இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விரு விடுப்புகள் உள்ளன. ஆகவே மருத்துவச் சான்றில் நோயின் பெயரும் ஓய்வுக் காலமும் தெளிவாக எழுதப்படுதல் முக்கியம். வீட்டுவேலை செய்வோருக்கும் வீட்டிலிருந்தே துண்டுக்கூலிக்குத் தைப்போருக்கும் இந்த விடுப்பு நடைமுறையில் எட்டுவதில்லை.

ஒரு குழாய் அகற்றப்பட்டாலும் மற்றது நலமாக இருந்தால் மீண்டும் கருத்தரிக்க இயலும். இடம் மாறிய கர்ப்பம் மறுபடியும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு. மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்கள் குறைந்தது மூன்று மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இந்தியாவில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோயும் கருக்குழாய் சேதமடைய ஒரு காரணமாதலால், அதற்கான பரிசோதனை தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்கலாம். அடுத்த முறை மாதவிலக்கு தள்ளிப்போனதும் காத்திராமல் மருத்துவரை அணுகி, ஆறாம் அல்லது ஏழாம் வாரத்தில் ஸ்கேன் எடுத்துக் கரு எங்குள்ளது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அப்போது எந்த ஊரில் இருந்தாலும், எந்தப் பக்கத்துக் குழாய் அகற்றப்பட்டது என்று எழுதியுள்ள பழைய டிஸ்சார்ஜ் அட்டை கையில் இருக்க வேண்டும்.