உதட்டுக் கொப்புளமும் அக்கியும்: காவி பூசும் முன் ஒரு கணக்கு

உடம்பில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கண்டால், கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் இன்றும் சொல்வது, “போய் அக்கி எழுதிக்கிட்டு வா” என்பதுதான். மண்பாண்டம் செய்பவர் காவிக்கல்லை நீர்விட்டு உரைத்து, கொப்புளம் கண்ட இடத்தில் சிங்க உருவம் எழுதி, சுற்றிலும் பூசிவிடுவார். எண்ணெய் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று பத்தியமும் உண்டு. உதட்டோரம் பொரிந்தாலும் இதே காவி. விலாவில் பட்டையாக எழும்பினாலும் இதே காவி. ஆனால் இவை இரண்டு நோய்கள். ஒன்று தாமதத்தைப் பொறுக்கும், மற்றொன்று பொறுக்காது. அந்த வேறுபாடு தெரியாமல் பலர் மாதக்கணக்கில் வலியோடு இருப்பதால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டும் ஹெர்பீஸ் என்னும் ஒரே வைரஸ் குடும்பம். உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது 64 விழுக்காட்டினரிடம், இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே தொற்றிவிடுகிறது. அக்கிக்குக் காரணமோ சின்னம்மை வைரஸ். வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கியது என்று நிம்மதி அடைந்த பிறகும் அந்த வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கும். உதட்டுக் கொப்புள வைரஸும் அப்படித்தான். அது தங்குமிடம் முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சு.

எழுப்பிவிடும் காரணங்கள் வேறு. காய்ச்சல், வெயில், மனஅழுத்தம், மாதவிலக்கு, உதட்டில் படும் காயம் ஆகியவை உதட்டுக் கொப்புளத்தைக் கிளப்பும். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நாளெல்லாம் கடல் வெயிலில் நிற்பவர்களுக்கு அது அடிக்கடி திரும்பி வர இடமுண்டு. அக்கியைக் கிளப்புவது முதன்மையாக வயதும் தளர்ந்த எதிர்ப்பாற்றலும். ஐம்பதைத் தாண்டியவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ ஸ்டீராய்டு மாத்திரையிலோ இருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். உதட்டில் வருவது பலமுறை வரும். அக்கி பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை.

அடையாளம் காண்பது கடினமில்லை. உதட்டில் முதலில் சுருசுருவென்று அரிக்கும், எரியும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் உதட்டின் விளிம்பில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் சேர்ந்து நிற்கும். அவை உடைந்து, பொருக்கு கட்டி, ஏழு முதல் பத்து நாளில் உதிர்ந்துவிடும். அக்கியில் வலிதான் முதலில் வரும். தோலில் ஒன்றும் தெரியாமலே இரண்டு மூன்று நாள் விலாவோ முதுகோ தீயாய் எரியும். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்ப்பவர்கள் உண்டு. பிறகு உடம்பின் ஒரே பக்கத்தில், நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டையாகக் கொப்புளம் எழும். ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

இந்த இடத்தில்தான் காவிக்குப் பெயர் கிடைக்கிறது. இரண்டு நோயிலும் கொப்புளம் தானாகவே வற்றும். ஈரக் காவி குளிர்ச்சி தரும், எரிச்சல் கொஞ்சம் தணியும். ஆறியதும் பெருமை எழுதியவருக்குப் போகிறது. வைரஸை அது தொடுவதில்லை. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ்பிடிக்கவும் கூடும்.

வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பது அசைக்ளோவிர். அதை உருவாக்கிய ஆய்வில் பெரும்பங்கு வகித்த ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உதட்டுக்கு, சுருசுருப்பு தொடங்கியதுமே எடுத்தால் ஓரிரு நாள் முன்னதாக ஆறும். எடுக்காவிட்டாலும் இழப்பு அதிகமில்லை. அக்கிக்குக் கணக்கு வேறு. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் குறைத்துக் கொடுப்பார். மூன்று நாள் அக்கி எழுதிவிட்டு நான்காம் நாள் மருத்துவமனைக்கு வந்தால், போனது இந்த 72 மணி நேரம். கொப்புளம் ஆறிய பிறகும் சேலைத் தலைப்பு உரசினாலே துடிக்கவைக்கும் நரம்புவலி, அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 விழுக்காட்டினருக்குத் தங்கிவிடுவதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. வயது கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும்.

கண் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. உதட்டுக் கொப்புள வைரஸ் கருவிழியைப் புண்ணாக்கும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வரும் அக்கியும் கண்ணைத் தாக்கலாம். கண் சிவந்தால் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடவே கூடாது, பார்வை போகும்.

தடுப்பிலும் வேறுபாடு உண்டு. உதட்டுக் கொப்புளத்துக்குத் தடுப்பூசி இல்லை. வெயிலைத் தடுக்கும் உதட்டுக் களிம்பு, கையைக் கழுவுதல், டம்ளரும் துண்டும் தனியே வைத்தல் ஆகியவைதான் காப்பு. கொப்புளத்தோடு பச்சிளங்குழந்தையை முத்தமிடாதீர்கள். அந்தத் தொற்று சிசுவின் உயிரையே பறிக்கலாம். அக்கிக்கு, 50 வயதைக் கடந்தவர்களுக்கான இரண்டு தவணைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. விலைதான் எளியவர்க்கு எட்டவில்லை. அதை அரசு மருத்துவமனைகளில் முதியோருக்கு இலவசமாகப் போட வேண்டும்.

அதுவரை நம்மிடம் இருப்பது நேரம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலைநகரில் 1985இல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 2021இல் அரசின் வசம் வந்துவிட்டது. உதட்டில் வந்தால் பொறுத்துப் பார்க்கலாம். பத்து நாளில் ஆறாவிட்டாலோ அடிக்கடி வந்தாலோ காட்டுங்கள். ஒருபக்கமாகப் பட்டையாக வந்தாலும், முகத்தில் கண் பக்கம் வந்தாலும், அன்றைக்கே பெரியவரை அழைத்துக்கொண்டு போய் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.