கதை வகுப்பும் கட்டுரைத் திருத்தமும்

1950ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். பத்திரிகையிலேயே பாடம், எழுதி அனுப்பியவர்களுக்கு மதிப்பீடு. அவ்வாறு பயின்றவர்களுள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களானார்கள்.

நம் வீட்டிலும் அப்படியொரு வகுப்பு நடத்தலாம். பிள்ளை எழுதிய கட்டுரையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தறியாத தாய்க்கும் காது உண்டல்லவா? மூச்சு முட்டுமிடத்தில் வாக்கியத்தை இரண்டாக்கலாம். பிறகு ஒற்றெழுத்தைக் கவனிக்க வேண்டும். ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்குமிடம். ‘கீரை கடை’ என்றாலோ மத்தை எடுக்கவேண்டியதுதான்! ஆனால், ‘பால்மரம்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடாதீர்கள். அது பிழையன்று, பாட்டன் காலத்திலிருந்து தோட்டத்தில் வழங்கிவரும் சொல்.