பதினாறு முனைகளும் ஒரு நகரத்தின் புகையும்

இன்றைய பெட்ரோல் கார் எதுவானாலும் ஸ்கேனரை மாட்டும் போர்ட்டைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிவிளிம்பில், சரிவக வடிவில் 16 முனைகளோடு அது இருக்கும். 1990களின் முற்பாதிவரை வந்த கார்களில் தேடத் தொடங்கும்போதுதான் சிக்கல். பி.எம்.டபிள்யூ. தன் 20 முனை வட்டப் போர்ட்டைப் பானட்டுக்குள் வைத்தது. டொயோட்டாவின் பல மாடல்களிலும் அங்கேதான், மூடியிட்ட சிறு பெட்டியாக. ஹோண்டாவிலோ பெரும்பாலும் முன்னிருக்கைப் பயணியின் பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில், இரண்டே முனைகளோடு ஒளிந்துகொண்டிருக்கும்.

இவற்றுள் நம்மை மிகவும் ஈர்ப்பது ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த போர்ட். அதன் பெயரே 'அசெம்பிளி லைன் டயக்னாஸ்டிக் லிங்க்'. காரை வாங்கியவரையோ தெருமுனை மெக்கானிக்கையோ அப்பெயர் நினைக்கவில்லை. தொழிற்சாலையில் கார் கோக்கப்படும் வரிசையைத்தான் நினைத்தது. ஆயினும் ஸ்கேனர் இல்லாதவருக்கும் ஒரு வழி இருந்தது. அதன் 12 முனைப் போர்ட்டில் ஏ, பி என்னும் இரண்டையும் கம்பித்துண்டால் இணைத்து, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினால், 'செக் இன்ஜின்' விளக்கு கண்சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, பின் இரண்டு சிமிட்டல்: 12. இது மும்முறை வந்தால் கணினி விழித்திருக்கிறது என்று பொருள். அதன்பிறகே கோளாறு எண்கள். ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டு கையேட்டைப் புரட்ட வேண்டும். பழைய தந்தி அலுவலகத்தின் உறவுமுறை போலும்!

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது லாஸ் ஏஞ்சலிஸின் வானம். கண்ணைக் கரித்த அந்நகரப் புகைமூட்டம், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் கக்குபவை வெயிலில் வினைபுரிந்து உண்டாவது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கார் புதிதாயிருக்கையில் சுத்தமாய் இருந்தால் போதுமா? ஓடித் தேய்ந்தபின்? காரே தன் மாசுக்கட்டுப்பாட்டைக் கண்காணித்து விளக்கெரித்துச் சொல்லவேண்டும் என்று 1988 மாடல்கள் முதல் அவ்வாரியம் விதித்தது. போர்ட்டின் வடிவத்தையும் இடத்தையும் மட்டும் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அடுத்த விதி அதையும் பிடித்தது. 1996 மாடல்கள் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே போர்ட், பொதுவான கோளாறு எண்கள். ஐரோப்பா பின்தொடர்ந்தது.

மெக்கானிக்குக்கு இது பெரிய வரவுதான். ஆனால் சட்டம் கேட்டது புகையைப் பற்றி மட்டுமே என்பதை நாம் மறக்கலாகாது. 16 முனைகளில் சில கம்பெனியின் விருப்பத்துக்கே விடப்பட்டன. பிரேக், ஏர்பேக் விவகாரங்களைக் கார் தன் சொந்த மொழியிலேயே பேசிக்கொண்டது. அம்மொழி தங்களுக்கும் வேண்டுமென்று தனிப் பட்டறைக்காரர்கள் போராட, 2012இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் பெருவாரியாக ஆதரித்தனர். 2020இல் அவர்களே மீண்டும் வாக்களிக்க வேண்டியதாயிற்று. இம்முறை வழக்கு, எந்தப் போர்ட்டையும் தொடாமல் கம்பியின்றிக் கம்பெனிக்கு நேரே போய்ச்சேரும் தகவல்களைப் பற்றியது.