பழைய கம்பியூட்டரை இரும்புக்குப் போடுமுன்...

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தெமோதரை வளைவும் ஒன்பது வளைவுப் பாலமும் உலகத்துக்கே தெரியும். ஆனால் நம் ஊர்களுக்குக் கணினி வந்த கதையை நாம் பேசுவதே இல்லை. அது நூறு வருடத்துக்கு முந்திய கதையல்ல. இருபது, இருபத்தைந்து வருடக் கதை. அதற்குள் பாதி அழிந்துவிட்டது. மீதி பாடசாலைக் களஞ்சிய அறைகளிலும் பள்ளிவாசல் அலுமாரிகளுக்கு மேலேயும் தூசு படிந்து கிடக்கிறது.

கணினி நம்மிடம் இரண்டு வழியால் வந்தது.

ஒன்று அரசாங்க வழி. 2000களின் முற்பகுதியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டம் நடந்தது. தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளுக்குக் கணினி கற்றல் நிலையங்கள் கிடைத்தன. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவானது. 2005 முதல் 'நெனசல' நிலையங்கள் கிராமங்களிலும் மத ஸ்தலங்களிலும் திறக்கப்பட்டன. உயர்தர மாணவர்களுக்குப் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சையும் வந்து சேர்ந்தது.

'தெரிவு செய்யப்பட்ட' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பூட்டக்கூடிய அறையும் ஒழுங்கான மின்சாரமும் கணினி தெரிந்த ஆசிரியரும் இல்லாத பாடசாலை அந்தப் பட்டியலுக்குள் வருவது கடினம். தோட்டப் பாடசாலைகள் 1970கள் வரை தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தவை. பிறகுதான் அரசு பொறுப்பேற்றது. ஒரே மண்டபத்தில் பல வகுப்புகள் நடந்த இடத்தில் கணினி அறை எங்கிருந்து வரும்?

அதனால் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் தொட்ட கணினி இரண்டாவது வழியால் வந்தது. கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்தது, பழைய மாணவர் ஒருவர் அனுப்பியது, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுக்கு வாங்கி, பிறகு பள்ளிவாசலுக்குக் கொடுத்தது. நாம் கற்ற கணினி பெரும்பாலும் வேறொருவர் பாவித்து முடித்த கணினிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழுதானதைத் திருத்தித் திருத்தித்தான் நம்மில் பலர் கணினியே கற்றோம்.

இனி ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்போம். எங்கள் பாடசாலைக் களஞ்சியத்தில் கிடந்த மூன்று சிஸ்டம் யுனிட்களை ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து அண்மையில் திறந்தோம். மூன்றும் பென்டியம் 4. அந்த ரகம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் சந்தைக்கு வந்தது.

மின்வயரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, பிரஷ்ஷால் தூசு தட்டினோம். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. அடுத்தது ரேம். நம் மலைப் பக்கத்து ஈரலிப்பில் ரேமின் பித்தளை நிறப் பற்கள் மங்கிப் போகும். கணினி 'பீப் பீப்' என்று கத்திவிட்டுத் திரை இருட்டாகவே நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினோம். இரண்டு யுனிட்கள் உயிர் பெற்றன.

மூன்றாவதில் கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தது. இதற்குப் பின்னால் ஓர் உலகக் கதை உண்டு. 2000களின் முற்பகுதியில் தயாரான ஏராளமான மதர்போட்களில் தரம் குறைந்த இரசாயனக் கரைசல் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் பொருத்தப்பட்டிருந்தன. சில வருடங்களில் அவை வீங்கிக் கசிந்தன. பல நாடுகளில் கணினிகள் இப்படிச் செத்தன. அந்த நோய் ஊவா மலை வரை ஏறி வந்திருக்கிறது.

உயிர் பெற்ற ஒரு யுனிட் தேதியை 2002 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போட்டில் நாணயம் போல் இருக்கும் 3 வோல்ட் பெட்டரி தீர்ந்தால் கடிகாரம் தன் ஆரம்ப நாளுக்கே திரும்பிவிடும். மணிக்கூட்டுக் கடையில் வாங்கும் பெட்டரியே போதும்.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் செய்வது ஹார்ட் டிஸ்கை ஃபோர்மட் பண்ணுவது. கடையில் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். நாங்கள் செய்யவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம்.

தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ்கள், மாணவர் அனுமதிப் பட்டியல்கள், மீலாத் விழா நிகழ்ச்சி நிரல், கூட்ட அறிக்கைகள். 2005 ஜனவரித் தேதியிட்ட ஒரு பட்டியலும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரைக்கு லொறியில் அனுப்பிய அரிசி, பால்மா, பாய், போர்வை, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு. பெயர்களில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் கலந்திருந்தார்கள். இந்தக் கணக்கின் கடதாசிப் பிரதி எங்களிடம் எங்குமே இல்லை.

ஆனால் திறந்தவுடன் அதை வாசிக்க முடியவில்லை. எல்லாம் பாமினி எழுத்துரு. யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸில் அந்த வசதி விண்டோஸ் 2000உடன்தான் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் அதைத் தனியாகத் தெரிவு செய்து போட வேண்டியிருந்தது. ஆகவே இலங்கையில் நாம் பாமினியிலேயே தட்டச்சு செய்து பழகினோம். பாமினி ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடும். 'அம்மா' என்று எழுதினால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் இந்த ஐந்து குறிகள்தான் தெரியும். குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பாமினியை யுனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மாற்றச் சில விநாடிகள் போதும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். 2014 ஒக்டோபர் 29ஐ நினைத்துப் பாருங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன நாள். எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. கிராமத்துப் பதிவுகளும் மண்ணோடு போய்விட்டன என்று அப்போது செய்திகள் வந்தன. ஒரு பட்டியலின் பெறுமதி அது இல்லாதபோதுதான் தெரிகிறது. லயத்து வாழ்க்கையைப் பற்றியும் நம் சிறிய ஜமாஅத்களைப் பற்றியும் பெரிய நூல்களில் அதிகம் இல்லை. நம் வரலாறு இப்படிப்பட்ட பட்டியல்களில்தான் இருக்கிறது.

கணினியையும் வீணாக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது, கணினி விலையும் கூடவே ஏறியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டதால் அதை இணையத்தோடு இணைக்க வேண்டாம். பதிலாக இலவச லினக்ஸ் போடலாம். ஆரம்பகால பென்டியம் 4க்கு 32 பிட் பதிப்பு வேண்டும். டெபியன் 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவல் வசதி இல்லை, 12ஆம் பதிப்பில் இருக்கிறது. 512 எம்பி ரேமில் யூடியூப் பார்க்க எதிர்பார்க்கக் கூடாது. தமிழ்த் தட்டச்சுப் பழக, கணக்குத் தாள் செய்ய, கணினியின் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டிப் படிக்கத் தாராளமாகப் போதும். படத்தில் பார்த்த மதர்போட்டைக் கையில் பிடித்த பிள்ளை அதை மறக்காது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பழைய யுனிட்டை இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். பழைய டிஸ்கைப் புதிய கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் கணினிக் கடைகளில் கிடைக்கும். டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்பப் போட்டால் இருப்பதும் போய்விடும். எடுத்தவற்றை இரண்டு இடத்தில் பிரதி பண்ணுங்கள். பட்டியல்களில் மக்களின் சொந்த விபரங்கள் இருக்கும், அவற்றை முகநூலில் போடாமல் உரிய நிருவாகத்திடமே ஒப்படையுங்கள். பழைய சஞ்சிகை, விழா மலர் போன்ற பொதுவானவை இருந்தால், 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் சேர்க்கக் கேட்டுப் பார்க்கலாம்.

ஹாலிஎல, பசறை, பண்டாரவளைப் பக்கம் யாரிடமாவது இப்படி ஒரு யுனிட் இருந்தால் கீழே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு வந்து திறந்து பார்க்கிறோம். தேத்தண்ணீர் மட்டும் போதும்.